பூஜ்யம் காட்டிய சில்லு

மீட்டரில் பூஜ்யம் என்று வந்தபோது என்னைத் தவிர எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

சில்லு குடிக்கும் மின்சாரம் நூறு நானோ ஆம்பியருக்குள் அடங்க வேண்டும் என்பது பேச்சு. நெஞ்சில் பிளாஸ்திரி போல ஒட்டிக்கொண்டு நாடித் துடிப்பை எண்ணும் கருவிக்கான மின்னணுச் சில்லு அது. அரிசிமணி அளவு பேட்டரியில் பத்து வருடம் ஓட வேண்டும். ஆறு வருடத்தில் மூன்று சில்லுகள் செய்தேன், மூன்றும் அதிகம் குடித்தன. நாலாவதும் தேறாவிட்டால் வேலை முழுவதும் மேல்மாடிக் குழுவுக்குப் போய்விடும் என்று மேனேஜர் சுங் சொல்லியிருந்தார். அந்தக் குழுவில் பன்னிரண்டு பேர். என் குழுவில் நான்.

"பூஜ்யமா?" என்றார் சுங்.

"பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்," என்றார் வென் அண்ணன். சோதனை மேசையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர்.

"ஓடுதா?"

"நல்லாவே ஓடுது. நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்புது, கம்ப்யூட்டர் எண்ணிக்கிட்டே இருக்கு."

"அப்ப எதைக் குடிச்சு ஓடுது?"

"என்னைக் கேட்டா? பெத்தவ அங்க நிக்கிறா, அவகிட்டக் கேளுங்க."

எதுவுமே கேட்காமல் வேலை செய்கிற ஒன்றை நான் படைத்துவிட்டேன் என்று நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. வீட்டில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். வருகிறவர்களிடம் அம்மா என்னைக் காட்டி, "இதுக்கு ஒண்ணும் வேண்டாம், தானா வளரும்" என்பாள். நாற்பது வயதுவரை அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் மாலை வென் அண்ணன் கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஆயிரத்து எண்ணூறு துடிப்பு குறைந்தது. சரியாக அரை மணி நேரம். பன்னிரண்டரைக்கு நின்று, ஒரு மணிக்கு மறுபடி தொடங்கியிருந்தது.

பன்னிரண்டரைக்கு எங்கள் தளத்தில் விளக்கை அணைப்பார்கள். சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு முப்பது பேரும் மேசையில் தலையணையைப் போட்டுக் கவிழ்ந்துவிடுவார்கள். ஒரு மணிக்கு விளக்கு எரியும், கன்னத்தில் தலையணை மடிப்போடு எழுந்திருப்பார்கள். இந்தக் கட்டடத்தில் விளக்கு அணைவது அந்த அரை மணி நேரம்தான். இரவில் அணைந்து நான் பார்த்ததில்லை.

"தூங்கியிருக்கு," என்றார் வென் அண்ணன்.

சுங் சிரிக்கவில்லை. மீட்டரின் மேல் வைத்திருந்த பச்சைச் சோளப்பொரிப் பொட்டலத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தார். இயந்திரங்கள் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டுமென்று எல்லா மேசையிலும் அந்தப் பொட்டலம் வைப்போம். தேதி தாண்டினால் அவை எதிர்த்துக்கொள்ளும்.

"மார்ச் வரைக்கும் இருக்கு மேனேஜர். என் பொட்டலத்தைக் குறை சொல்லாதீங்க. அடக்கமா இருன்னுதான் வச்சேன். அது ஆபீஸ் விதியையே படிச்சுருச்சு," என்றார் வென் அண்ணன்.

"நம்மளப் பாத்துப் பழகியிருக்கு," என்றார் சுங் மெதுவாக. அவர் இரண்டு பட்டம் வாங்கியவர். மூன்றாம் நாள் காலை அவருடைய அறிக்கையில் "சூழலுக்கேற்ற ஓய்வு" என்றொரு தலைப்பு இருந்தது.

அன்று நண்பகல் நான் தலையைக் கவிழ்க்கவில்லை. உண்மையில் பதினோரு வருடமாக நான் அந்த நேரத்தில் தூங்கியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மற்றவர்களின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். யாருக்குக் குறட்டை, யார் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது யாருக்கும் தெரியாது. தெரியும்படி நான் நடந்துகொண்டதில்லை.

விளக்கு அணைந்தது. துடிப்பு நின்றது. கைபேசி விளக்கைச் சில்லின் மேல் பிடித்தேன். துடிப்பு வந்தது. விரலால் மறைத்தேன். நின்றது.

உட்கார்ந்துவிட்டேன். நாடியைப் பார்ப்பதற்காகச் சில்லின் மூலையில் நான்கு ஒளிக்கண்கள் வைத்திருந்தேன். ஒளி பட்டால் அவற்றில் துளி மின்சாரம் ஊறும். அந்தத் துளியைக் குடித்துத்தான் அது உயிரோடு இருந்தது. சில்லை வெளியோடு இணைக்கும் தங்கக் கம்பிகளை நுண்ணோக்கியின் கீழ் எண்ணினேன். பதினான்கு இருக்க வேண்டும், பதின்மூன்று இருந்தன. மின்சாரம் வருகிற கம்பி இல்லை, அதனால்தான் மீட்டரில் பூஜ்யம். இணைப்புப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. படம் என் கையால் வரைந்தது.

எல்லாக் கம்பிகளையும் நினைவு வைத்திருந்தேன். சோறு போகிற கம்பியை மட்டும் மறந்திருந்தேன். எத்தனையோ மறதிகள் இருக்க இது ஏன் என்று அப்போது யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு மணிக்கு விளக்கு எரிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் சுங் நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்துவிட்டார்.

"நாளையிலேருந்து யாரும் தூங்கக் கூடாது. விளக்கு எரியும். நம்ம முழிச்சிருந்தா அதுவும் முழிச்சிருக்கும். வெள்ளிக்கிழமை வாங்குறவங்க வர்றாங்க. அவங்க கண்ணு முன்னால கொட்டாவி விடக் கூடாது, நீங்களும் சரி, அதுவும் சரி."

மறுநாள் யாரும் தூங்கவில்லை. விளக்கு எரிந்தது. சில்லும் தூங்கவில்லை. ஒரு துடிப்புகூடத் தவறவில்லை. சுங்கின் கொள்கை நிரூபணமாகிவிட்டது. கம்பெனித் தலைவர் தொலைபேசியில் வாழ்த்தினார்.

அதன்பின் தளம் தாங்கவில்லை. கழிப்பறையின் கடைசி அறைக்கு வரிசை நின்றது. லிஃப்டில் யாரோ நின்றபடியே தூங்கி மூன்று முறை மேலும் கீழும் போய்வந்தார். வென் அண்ணன் சாப்ஸ்டிக்கை வாயில் வைத்தபடி உட்கார்ந்தவாக்கில் தூங்கினார். எழுப்பியபோது என்னைப் பார்த்த பார்வை மறக்காது.

"உன் பிள்ளைக்குச் சோறும் வேண்டாம், தூக்கமும் வேண்டாம். நாங்க மனுசங்க, ரூய்-யிங்."

வியாழக்கிழமை காலை அவர் கம்பி பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பிடித்தபடி கண்ணயர்ந்து சட்டைக்கையைப் பொசுக்கிக்கொண்டார். நான் சுங்கின் அறைக்குப் போனேன். கம்பியைச் சொன்னேன், ஒளிக்கண்ணைச் சொன்னேன், படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"கம்பி இல்லாமலே ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்புறம் எதுக்குக் கம்பி?"

"சட்டைக்கு உள்ளே இருட்டு, மேனேஜர்."

"மெல்லிசு சட்டை போடச் சொல்லலாம்."

"ராத்திரி தூங்குவாங்க."

"விளக்கைப் போட்டுட்டுத் தூங்கட்டும். எங்க மாமனார் அப்படித்தான் தூங்குறார்."

"அவங்க இதய நோயாளிங்க, மேனேஜர். போர்வையை இழுத்துப் போர்த்தினா எண்ணிக்கை நின்னுரும். நின்னது கருவியா, ஆளான்னு யாருக்குத் தெரியும்?"

அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கேட்டார், "கம்பியோட அளந்தியா? எவ்வளவு குடிக்குது?"

"அளக்கலை."

அளக்க இரண்டு நாள் இருந்தது. நான் அளக்கவில்லை. பூஜ்யத்தை விட மனமில்லை. அது என் சில்லின் எண் அல்ல, என்னுடைய எண் என்று எங்கோ உள்ளே நம்பியிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு எழுந்துபோய் நானே விளக்கை அணைத்தேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. முப்பது தலைகள் ஒரே சத்தத்தோடு மேசையில் விழுந்தன. சோதனை ஊசியை, அந்தக் கம்பி சேர வேண்டிய உலோகத் திட்டில் இறக்கி மின்சாரத்தைக் கொடுத்தேன். நுண்ணோக்கி விளக்கையும் அணைத்தேன். இருட்டில் துடிப்பு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

மீட்டர் நூற்று நாற்பது காட்டியது.

சுங் பின்னால் வந்து நின்றிருந்தார். "நாப்பது அதிகம்," என்றார் கிசுகிசுப்பாக.

"ஆமா."

"வெளிச்சத்துல குறையுமா?"

"குறையும். கண்ணுலேருந்து கொஞ்சம் வரும்."

அவர் விளக்கைப் போட்டார். முப்பது பேரும் முனகினார்கள். நூற்று முப்பத்தொன்று. கைபேசி விளக்கைப் பிடித்தார். நூற்று இருபத்தெட்டு. பிறகு அவர் செய்ததை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. எல்லாரையும் எழுப்பி மேசையைச் சுற்றி நிறுத்தி, ஆளுக்கொரு கைபேசி விளக்கைப் பிடிக்கச் சொன்னார். அரைத்தூக்கத்தில் முப்பது பேர் சவ அடக்கத்துக்கு நிற்பது போல நின்றார்கள். நூற்றுப் பத்து. நூற்று நாலு.

"கிட்டக் கொண்டாங்க. வென் அண்ணே, கை ஆடுது."

"தூக்கம் ஆட்டுது மேனேஜர்."

தொண்ணூற்றெட்டு.

"எழுதிக்கோ," என்றார் சுங். "தொண்ணூத்தெட்டு. எழுது ரூய்-யிங். வேலை உன்கிட்டயே இருக்கும்."

பேனா என் கையில் இருந்தது. முப்பது பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஏந்திய வெளிச்சத்தில் அது தனக்கு அதிகம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். உள்ளங்கையைக் குவித்துச் சில்லின் மேல் வைத்தேன். மீட்டர் நூற்று நாற்பதுக்குப் போய் நின்றது. துடிப்பு நிற்கவில்லை.

"இதுதான் இதுக்கு வேணும்," என்றேன். நூற்று நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"மேல்மாடிக்குப் போயிரும். தெரியுதா?"

"மூணு மாசம் கொடுங்க, நாப்பதைக் குறைக்கிறேன்." பேனாவை மூடினேன். "தனியா முடியாது. எனக்கு ஒரு ஆள் வேணும்."

சுங் என்னை உற்றுப் பார்த்தார். மீட்டரில் பூஜ்யம் வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

"ஆறு வருசமா ஏன் கேக்கலை?"

நான் ஊசியைச் சில்லிலிருந்து தூக்கினேன். மேசையில் ஏற்கெனவே கவிழ்ந்துவிட்ட வென் அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நாளைக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு அப்புறம் பேசுங்க. இன்னும் பன்னெண்டு நிமிசம் இருக்கு. ரூய்-யிங், என் இழுப்பறையில இன்னொரு தலையணை இருக்கு, எடுத்துக்கோ. விளக்கை யாராவது அணைங்கப்பா."

சுங் போய் அணைத்தார்.