மீதி ஆவுடையப்பன்

ஆவுடையப்பன் செத்தபோது உடம்பை வீட்டுக்கு அனுப்பினோம். இருமலை அனுப்ப மறந்துவிட்டோம்.

அது மில்லிலேயே நின்றுவிட்டது. காலைச் சங்கு ஊதியதும் அவன் மிஷின் பக்கத்தில் இருமத் தொடங்கும். சாயங்காலச் சங்குக்கு நிறுத்தும். லீவு போட்டதில்லை. பஞ்சுத் தூசியைத் தின்று வளர்ந்த இருமல். வேலை தெரியும்.

தொழிலாளி வேலைக்கு வருகிறவரை அவன் குடும்பத்துக்கு மில் ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். செத்தால் அன்றோடு சரி. அவன் பெண்டாட்டி சொர்ணத்துக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் இருட்டுதான். நான் அவனுக்கு அடுத்த மிஷின்காரன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஆளே இல்லையே" என்றார் டாக்டர்.

"இருமல் வருதுல்லா" என்றேன்.

மிஷினுக்கு வந்தார். காற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அவன் இருமல்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இருமல் நெஞ்சிலிருந்து வருவது. ஆக, ஆளில் நெஞ்சு மட்டும்தான் வேலைக்கு வருகிறது. குடும்பத்துக்கும் நெஞ்சுக்கு மட்டும்தான் வைத்தியம். சொர்ணத்தின் நெஞ்சைச் சோதித்தார். நன்றாக இருந்தது. அதற்கு ஒரு டானிக் எழுதினார். நியாயமான மனுஷன்.

"கண்ணுக்கு?"

"கண்ணும் வேலைக்கு வரட்டும். பார்க்கலாம்."

சொர்ணம் அங்கேயே நின்றாள். இருமல் வந்தது. கையை உயர்த்தி, அவன் முதுகு இருந்திருக்கும் இடத்தில் நீவிவிட்டாள். இருமல் கொஞ்சம் அடங்கியது.

"இவுக இருமாம எனக்குத் தூக்கமே வரமாட்டேங்கு அண்ணாச்சி. வீட்ல போட்டோவும் இப்ப சரியாத் தெரியல. மொகம் மறந்துருமோன்னு இருக்கு."

"மறக்காது தாயி. நட" என்றேன்.

மில் முழுக்கத் தேடினேன். கேன்டீனில் அவன் ஏப்பம் கிடந்தது. "வேணும்னா எடுத்துக்கிடும். இங்க இடத்த அடைக்கு" என்றான் டீ மாஸ்டர். அது வயிற்றுக்குத்தான் ஆகும். கோடவுன் சுவரில் முதுகு சாய்ந்த தடம் இருந்தது. முதுகுவலிக்கு ஆகும். கண் எங்கும் இல்லை.

கடைசியில் மேஸ்திரி வந்தார். ஆவுடையப்பன் நெஞ்சு முட்டி லீவு கேட்டபோது, "நடிக்காதல" என்றவர். அதற்குப் பிறகு இவன் அவரிடம் பேசவில்லை. சாகிறவரை பின்னாலிருந்து முறைத்துக்கொண்டே இருந்தான். அவர் கழுத்தில் எந்நேரமும் துண்டு சுற்றியிருக்கும். குளிர் என்று நினைத்திருந்தோம்.

டாக்டர் முன்னால் துண்டை எடுத்தார். குனிந்து பிடரியைக் காட்டினார்.

"அவன் பார்வ இங்கதான் இருக்கு சார். ஒரு நாளும் எறங்கல."

டாக்டர் தொட்டுவிட்டுக் கையை உதறினார். சூடு. "ரெண்டு கண்ணும் இருக்கு" என்றார்.

ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்ததும் சொர்ணம் போட்டோவைத்தான் கேட்டாள். மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் திரும்ப மங்கும். பார்வை வேலைக்கு வந்தால்தான் மருந்து. பிடரி இருந்தால்தான் பார்வை. மேஸ்திரிக்கோ ஓய்வு பெறும் நாள் வந்துவிட்டது.

மாலை போட்டார்கள். வடையும் காப்பியும் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும் மேஸ்திரி ஆவுடையப்பன் மிஷினுக்குப் போனார். பிடரியைக் கழற்றி, எதிரே தூணில் இருந்த ஆணியில் மாட்டினார். பார்வைக்கு நேராக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொன்னேன். இருமல் ஒரு தரம் வந்து நின்றது.

வாசலில் சொர்ணம் காத்திருந்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். சட்டைக் காலருக்குமேல் இருந்த வெற்றிடமும் தெரிந்தது.

"துண்டச் சுத்திக்கிட்டுப் போங்கய்யா. காத்து அடிக்கும்" என்றாள்.

சுற்றிக்கொண்டு போனார். மில்லில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அருமைநாயகம்.