குடைப்பாறைக்கு அடியில் மச்சான்

போட்டோக்காரருக்குப் பயம் தாய்ப்பாலோடு வந்தது. ஸ்டூடியோ சுவரில் ஒரு பல்லி தலைகாட்டினால் போதும், கடையை அதன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருமுனைக்கு ஓடிவிடுவார். பாஸ்போர்ட் படத்துக்குப் போலீஸ்காரர் யாராவது வந்து உட்கார்ந்தால், "சார், தாடையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்வதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிடும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில்தான் இருப்பார். மழைக்காலம் முழுக்க அவர் மனைவி சாப்பாட்டுத் தட்டை அங்கேதான் தள்ளிவிடுவாள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் வருஷத்துக்கு ஒரு முறை, பார்த்தாலே ஈரக்குலை நடுங்கும் ஓர் இடத்துக்குத் தானாகவே கிளம்பிப் போனார் என்றால் அதற்குக் காரணம் கல்லூரிப் பேராசிரியை. பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தும் அந்த அம்மாவைப் பார்த்தாலும் அவருக்குப் பயம். "முடியாது" என்று சொல்லப் பயந்து "சரிங்க மேடம்" என்று சொன்னவர், அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

இடம் என்னவோ பெரிய பாறைக்காடு. காற்றும் மழையும் யுகயுகமாகக் கடித்துத் துப்பிப் போட்ட மிச்சம். ஒரு பாறை பல்லுப் போன வாயைப் போல நடுவில் பொத்தலாக நிற்கும். இன்னொன்று, மருமகள் குழம்பை முகர்ந்து பார்க்கும் மாமியாரைப் போல மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்கும். எல்லாவற்றுக்கும் நடுவில் குடைப்பாறை. மேலே ஒரு கல்யாண மண்டபத்தைத் தூக்கி வைத்தாற்போல அகலமான தலை. கீழே, அடியில் காற்று அரித்து அரித்து இளைத்துப்போன ஒரு தண்டு. அந்தத் தண்டு அந்தத் தலையை எப்படித் தாங்குகிறது என்று கேட்டால் பேராசிரியையே, "தாங்குற வரைக்கும் தாங்கும்" என்றுதான் சொல்வார்.

அது வருஷத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வருஷமும் அதே மாதம், அதே மாலை வெயிலில், அதே இடத்திலிருந்து ஒரு படம். கேமராவின் முக்காலி நிற்கும் இடத்தில் இரும்பு ஆணி அடித்து வைத்திருந்தார்கள். பாறையின் பருமன் படத்தில் தெரிவதற்காகக் குடைக்கு அடியில் ஒரு ஆள் நிற்க வேண்டும். வருஷா வருஷம் ஒரே ஆள். அப்போதுதான் அளவு மாறாது.

அந்த ஆள் போட்டோக்காரரின் மச்சான். மனைவியின் தம்பி. தையல்கடைக்காரர். அவரிடம் இரண்டு திறமைகள் உண்டு. ஒன்று, கல்லைப் போல நிற்பார். சாயங்கால வெளிச்சத்தில் ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். மூச்சு விட்டாலும் படத்தில் ஆள் கலங்கிவிடும். மச்சான் ஒரு வருஷமும் கலங்கினதில்லை. ஒரு முறை அவர் தோளில் காக்காய் கூடுகட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது, தும்மல். மச்சான் கடையில் தும்மினால் தெருவில் நிற்கும் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறும். எதிர்வீட்டுக் கைக்குழந்தை தவழாமலே நேராக எழுந்து நடந்தது அப்படி ஒரு தும்மலில்தான்.

அந்த வருஷமும் கிளம்பும்போது மனைவி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் தம்பியை எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே கொண்டாந்து விடணும். ஒரு நகம் குறைஞ்சிருந்தாலும் நீங்க அந்தப் பாறையிலேயே தனிக்குடித்தனம் வச்சுக்கலாம்."

"நீ போக்கா," என்றார் மச்சான். "என்னை மாமா பாத்துக்குறாரா, மாமாவை நான் பாத்துக்குறேனா?"

போய்ச் சேர்ந்தார்கள். மச்சான் தான் தைத்த சிவப்பு நீளக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஓடை வற்றிக் கிடந்த பள்ளத்தில் இறங்கி, அக்கரை ஏறி, குடைப்பாறைக்கு அடியில் போய் நின்றார். போட்டோக்காரர் இக்கரையில் ஆணிமேல் முக்காலியை ஊன்றினார். கேமராத் திரையில் மச்சான் சுண்டுவிரல் நகம் அளவு தெரிந்தார். முகத்தைத் தூக்கி அடிவானத்தைப் பார்த்தபடி, நாட்டை மீட்டுவிட்டு வந்த தளபதி மாதிரி ஒரு பார்வை. படம் முடிந்ததற்கு அடையாளமாகப் போட்டோக்காரர் டார்ச் அடிக்கும்வரை அந்தப் பார்வை இறங்காது.

போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார். பிறகு வழக்கம்போலப் போன வருஷப் படத்தைப் பையிலிருந்து எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். தண்டு சரி. தலை சரி. பின்னால் இருந்த மாமியார்ப் பாறையின் மூக்கு சரி. மச்சான்...

போட்டோக்காரர் திரையோடு மூக்கு உரசக் குனிந்தார்.

போன வருஷம் மச்சானின் தலைக்கும் பாறையின் கீழ்விளிம்புக்கும் நடுவில் ஒரு பூசணிக்காயை வைக்கலாம். இந்த வருஷம் எலுமிச்சம்பழம்கூட நுழையாது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அதே ஆள். அதே ஆணி. அதே லென்ஸ். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற மச்சான் இனிமேல் வளரப் போவதில்லை. அப்படியானால் பாறைதான் இறங்கியிருக்கிறது. கல்யாண மண்டபம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடியில் மனைவியின் தம்பி, அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு.

"மச்சான்!" என்று கத்த வாயைத் திறந்தார். காற்று அந்தச் சொல்லை வாங்கி, அவருக்குப் பின்னால் எங்கேயோ கொண்டுபோய் எறிந்தது. டார்ச்சை எடுத்து அடித்தார். பயத்தில் அவர் கை ஆடிய ஆட்டத்துக்கு வெளிச்சம் மச்சானைத் தவிர மற்ற எல்லாப் பாறைகளுக்கும் போய்வந்தது. போனில் சிக்னல் இல்லை. இருந்தாலும் மச்சானின் போன் வேனில் இருந்தது. கோட்டுப் பையில் வைத்தால் புடைத்துக்கொண்டு தெரியுமாம்.

அப்புறம் ஒரு பயங்கரமான எண்ணம் வந்தது. கத்தாதது நல்லதாகப் போயிற்று. சத்தத்திலேயே விழுந்துவிட்டால்?

ஒரே வழிதான் இருந்தது. நேரில் போக வேண்டும்.

அந்தப் பள்ளத்தில் அவர் இதுவரை ஒரு நாளும் இறங்கினதில்லை. இந்த வருஷம் இறங்கினார். உட்கார்ந்து இறங்கினார், படுத்து இறங்கினார், ஓர் இடத்தில் தலைகீழாகவும் இறங்கினார். காலுக்கடியில் சரிந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் அவர் காதில் நிலச்சரிவாக முழங்கியது. "அவனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, எனக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது" என்று முனகிக்கொண்டே வந்தவர், பாதிப் பள்ளத்தில் இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசையோ என்று சந்தேகப்பட்டார். முழங்கால் சிராய்த்தது. அக்கரை ஏறும்போது ஒரு செருப்பு போயிற்று. திரும்பி எடுக்கவில்லை.

குடையின் நிழல் தரையில் விழுந்திருந்த கோட்டில் வந்து நின்றுவிட்டார். நிழலுக்குள் ஒரு கால் வைத்தால் தலைக்கு மேல் பாறை. அந்தக் கால் வர மறுத்தது.

"மச்சான்," என்று பூனைக்குட்டியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். "மெதுவா வெளியே வந்துரு."

அடிவானப் பார்வை கலைந்தது. மச்சான் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்ன மாமா நீங்களே வந்துட்டீங்க? யாராவது துரத்துறாங்களா?"

"சத்தம் போடாதே! பாறை இறங்குது. வாய்யா வெளியே."

"பாறையாவது இறங்குறதாவது. நீங்க போங்க, நான் வரேன்."

"இப்ப வா."

"நீங்க முதல்ல அந்தப் பக்கம் திரும்புங்க."

"எதுக்குய்யா?"

"திரும்புங்கன்னா திரும்புங்களேன் மாமா!"

சாகப்போகிற நேரத்தில் இந்த ஆளுக்கு என்ன வெட்கம் வந்தது என்று போட்டோக்காரருக்குப் புரியவில்லை. மச்சானோ கோட்டின் கீழ் மடிப்பை இரண்டு கையாலும் இழுத்துக் காலை மூடிக்கொண்டு, நட்டுவைத்த கம்பம் போல நின்றார். போட்டோக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் வேன் கதவைப் பிடித்தபடி மனைவி நின்றாள். ஒரே பாய்ச்சலாக நிழலுக்குள் பாய்ந்து மச்சானின் கையைப் பிடித்து இழுத்தார்.

மச்சான் குட்டையானார்.

தடுமாறித் தரையில் கால் வைத்த மாத்திரத்தில் ஒரு முழம் குறைந்துவிட்டார். அவர் நின்றிருந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டையான கற்கள் சில இருந்தன.

போட்டோக்காரர் கற்களைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். திரும்பவும் கற்களைப் பார்த்தார்.

"ஏறி நின்னியா?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "காலேஜ்ல நம்ம படத்தை மாட்டியிருக்காங்கன்னு பாக்கப் போனேன் மாமா. ஒரு பொண்ணு என் மேல விரலை வச்சு, 'இந்த எறும்பு வருஷா வருஷம் வருதே'ன்னு கேக்குது. எனக்கு எப்படி இருக்கும்? கோட்டு தைக்கவே நாலு நாள் ஆச்சு."

"அளவுக்கு நிக்கிற ஆளு அளவைத் திருடலாமா? நீ எல்லாம் டெய்லரா? உன்கிட்ட துணி குடுக்கிறவங்களுக்கு முழங்கையோட சட்டை முடிஞ்சுபோறது ஏன்னு இப்பத்தான்யா தெரியுது!"

பயம் போன வேகத்தில் போட்டோக்காரருக்குச் சிரிப்பு வந்தது. பாறை இறங்கவில்லை! மச்சான்தான் ஏறியிருக்கிறார்! சிரித்துக்கொண்டே அந்தக் கல்லடுக்கை ஓர் உதை விட்டார். மேல் கல் புரண்டு விழுந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தப் பாறைக்காட்டில் எதைத் தொட்டாலும் கறுப்பு. வெயிலும் மழையும் பட்டுப் பட்டு ஏறிய கறுப்பு. இந்தக் கல்லின் ஒரு பக்கம்தான் கறுப்பாக இருந்தது. புரண்டு தெரிந்த மறுபக்கம், இப்போதுதான் வெட்டிவைத்த கேக்கைப் போல வெளிர் மஞ்சளாக, மினுமினுவென்று இருந்தது.

"மச்சான்," என்றார். "இந்தக் கல்லை எல்லாம் எங்கேர்ந்து கொண்டுவந்தே?"

"எங்கேர்ந்தும் கொண்டுவரலை மாமா. இங்கேயே கிடந்துச்சு. நான் நிக்கிற இடத்துலேயே."

போன வருஷம் இந்தக் கற்கள் இங்கே இல்லை. போன வருஷப் படத்தில் தரை துடைத்துவிட்டாற்போல இருந்தது.

இரண்டு பேரும் ஒன்றாக மேலே பார்த்தார்கள். நேர் மேலே, கறுத்த கூரையில், மஞ்சளாக ஒரு காயம். அதன் ஓரத்தில் ஒரு கட்டிலளவு பலகைப்பாறை, தாய்ப்பாறையை விட்டு விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. விலகிய இடைவெளியில் மாலை வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டிலிருந்து மெல்லிய தூள், சல்லடையில் சலித்தது போல, மச்சானின் முகத்தில் விழுந்தது.

மச்சானின் மூக்கு விரிந்தது.

"வேணாம்," என்றார் போட்டோக்காரர்.

மச்சானின் கண்கள் செருகின. வாய் திறந்தது. "மா... மா... ஹ..."

போட்டோக்காரர் பல்லிக்குப் பயந்தவர், இடிக்குப் பயந்தவர், பேராசிரியைக்குப் பயந்தவர். எல்லாப் பயமும் ஒன்றாகத் திரண்டு அவர் கையில் வந்து இறங்கிற்று. மச்சானின் மூக்கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் திருகிப் பிடித்தார். மச்சானின் முகம் கோட்டின் நிறத்துக்கு வந்தது. காது இரண்டும் பலூனாக விடைத்தன. அப்படியே மூக்கைப் பிடித்தபடி, முட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவர்களைப் போல, நுனிக்காலில் வெளியே நடந்தார்கள். அந்த நிழல் அன்றைக்கு ஒரு மாவட்டம் நீளம் இருந்தது. தலைக்கு மேல் ஏதோ 'கிர்ர்' என்றது. போட்டோக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

வெயிலுக்கு வந்தும் விடவில்லை. ஒரு புதரைத் தாண்டினார்கள். அடுத்த புதரைத் தாண்டும்போது மூக்கு அவர் விரலிலிருந்து வழுக்கிவிட்டது.

மச்சான் தும்மினார்.

மூன்று பள்ளத்தாக்குகளில் அந்தத் தும்மல் போய்த் திரும்பி வந்தது. அது திரும்பி வருவதற்குள் அவர்களுக்குப் பின்னால் பூமி ஒரு குதி குதித்தது. திரும்பிப் பார்த்தபோது குடைப்பாறைக்கு அடியில் மஞ்சள் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. புழுதி அடங்கியதும், பலகைப்பாறை தரையில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மச்சான் அடுக்கி வைத்த கற்கள் இருந்த இடமே தெரியவில்லை. குடை மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நின்றது.

போட்டோக்காரரின் கை மச்சானின் கோட்டைப் பற்றியபடியே இருந்தது.

"நான் தும்மினதாலயா மாமா?"

"நீ அங்கேயே நின்னு தும்மலையேன்னு சந்தோஷப்படு. உங்க அக்காகிட்ட நான் எதைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்?"

என்ன ஆனாலும் வேலை வேலைதான். ஏறி நின்று எடுத்த படம் பொய்ப்படம். பேராசிரியையிடம் அதை நீட்ட அவருக்குத் தைரியம் கிடையாது. வெளிச்சம் போவதற்குள் இன்னொன்று எடுத்தாக வேண்டும். குடைக்கு வெகுதூரம் பக்கவாட்டில், மேலே வானத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத ஓர் இடத்தில், செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு மச்சான் நின்றார். போட்டோக்காரர் தவழ்ந்தபடியே பள்ளத்தைக் கடந்து, ஆணிக்கு வந்து, படம் எடுத்தார்.

அந்தப் படம் இப்போது கல்லூரி நடைக்கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு மணலையும் எண்ணிவிடலாம் போல அவ்வளவு துல்லியம். புதிதாக விழுந்த பலகைப்பாறை, கூரையில் மஞ்சள் காயம், மாமியார்ப் பாறையின் மூக்கு, எல்லாம் கண்ணாடி போல இருக்கின்றன. ஓரத்தில் நிற்கும் சிவப்புக் கோட்டு ஆள் மட்டும் தண்ணீரில் கரைந்த சாயம் மாதிரி கலங்கியிருக்கிறார். முட்டி எது, முகம் எது என்று தெரியவில்லை.

மச்சான் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஸ்டூடியோ வாசலில் நின்று சண்டை பிடித்தார். "நான் ஆடினேன்னு ஊரெல்லாம் சொல்றீங்களாமே? நல்லா பாருங்க மாமா. நான் ஒருத்தன்தான் ஆடாம நின்னேன். மத்த பாறை எல்லாம்தான் சேர்ந்து ஆடுச்சு!"