வெல்டர் வீட்டு இரும்பு

வெல்டரின் மகளுக்கு ஒன்பது வயது. தூசி பட்டால் தும்மல், முட்டை தின்றால் உடம்பெல்லாம் தடிப்பு. அலர்ஜியை ஆராயும் கூடத்திலிருந்து ஒரு பெண் ஐஸ் பெட்டியோடு நாலு மாடி ஏறி வந்தாள். பிள்ளைகளின் ரத்தத்தையும் மலத்தையும் சேகரிப்பது அவள் வேலை. தெருவில் அவளுக்கு டப்பா அக்கா என்றே பெயர்.

"தும்முறது மூக்கு. நீங்க எதுக்கும்மா வயித்தைக் கிண்டுறீங்க?" என்றான் வெல்டர்.

அவள் முகம் சுளிக்கவில்லை. "குடல்ல கோடிக்கணக்கா கிருமி குடியிருக்குண்ணே. எல்லாம் கெட்டதில்ல. எதோட சண்டை போடணும், எதை விட்டுடணும்னு உடம்புக்குப் பழக்குறதுல அதுக்கும் கை இருக்குன்னு நினைக்கிறாங்க. நாம சாப்பிடுற இரும்புச் சத்துலயும் அது பங்கு கேக்கும். அலர்ஜி உள்ள புள்ளைங்க பல பேருக்கு இரும்பு கம்மியா இருக்கு. இந்த மூணுக்கும் என்ன உறவுன்னுதான் தேடுறோம்."

வேண்டா வெறுப்பாக மகளின் ரத்தமும் மலமும் எடுத்துக்கொள்ள விட்டான். மறுநாளே அவள் திரும்பி வந்தாள். வழியில் பஸ் நின்றுபோய் ஐஸ் உருகிவிட்டதாம்.

"எடுத்தது கெட்டிருக்கும்னு நானே கொட்டிட்டேன். இன்னொரு தடவை வேணும்."

"அப்படியே குடுத்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"சூட்டுல கிருமி பெருகியிருக்கும். அதை நம்பி ஒரு முடிவுக்கு வந்துட்டா, எத்தனை புள்ளைங்களுக்குத் தப்பான வைத்தியம் நடக்கும்?"

வெல்டர் மகளை மறுபடி கூப்பிட்டான். மூச்சு வாங்க நின்றவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

ரத்தத்தில் இரும்பு அடிமட்டம் என்று முடிவு வந்தது. "நாள் முழுக்க இரும்போட மல்லுக்கட்டுறவர் வீட்ல இரும்புக்குப் பஞ்சமா" என்று மனைவி சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. டாக்டர் டானிக் எழுதினார். பாதிப் படியில் உட்கார்ந்துவிடும் மகள் மூன்று மாதத்தில் ஓடி ஏறினாள். தும்மலும் சற்றுக் குறைந்தது.

"அப்போ அலர்ஜிக்கு இரும்புதான் மருந்தா?" என்று, மறுபடி வந்த டப்பா அக்காவிடம் கேட்டான் வெல்டர்.

"அப்படிச் சொல்ல மாட்டேண்ணே. காத்துல தூசியும் இப்போ கம்மி. இரும்பு கொறஞ்சு அலர்ஜி வந்துச்சா, அலர்ஜியால இரும்பு கொறஞ்சுதா, ரெண்டையும் கிருமி ஆட்டி வைக்குதா, இன்னும் தெரியல. ஒப்பிட்டுப் பாக்க நல்லா இருக்குற புள்ளைங்க வேணும். அவங்க வீட்லதான் கதவே திறக்க மாட்டேங்குறாங்க."

தெரியாததைத் தெரியாது என்று இத்தனை நிமிர்ந்து சொன்ன ஒருவரை அவன் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, ஐஸ் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவளோடு கீழே இறங்கினான். மூன்றாம் மாடித் தையல்காரர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"என் பையன் கல்லுகுண்டு மாதிரி இருக்கானே, அவனுக்கு எதுக்குப்பா?"

"அதனாலதாண்ணே அவன் வேணும்" என்றான் வெல்டர்.

தையல்காரர் யோசித்தார். பிறகு வழிவிட்டு நின்றார்.