வலப்பக்கம் சாய்ந்த புள்ளி

புது ரிப்பனைப் பொருத்தி, வெள்ளைத் தாளை உருளையில் ஏற்றி, தினகரன் முதலில் புள்ளிச் சாவியைத் தட்டினான். தமிழ் டைப்ரைட்டரில் புள்ளி முதலில் விழும். தாளைச் சுமக்கும் வண்டி நகராது. பிறகு எழுத்து வந்து அதற்கடியில் உட்காரும். க் அடித்தான். ன் அடித்தான். ம் அடித்தான். மூன்றிலும் புள்ளி தலைக்கு மேல் நிற்காமல் வலது தோளில் போய் விழுந்தது. ற அடித்துப் பார்த்தான். அதன் கடைசிக் கால் பாதியில் உடைந்திருந்தது. அதற்குமேல் அவனுக்கு விரல் ஓடவில்லை.

அருவங்காட்டு குவார்ட்டர்ஸின் பின்னறையில் சுவர் முழுக்கப் பலகை அடித்துப் பதினோரு மெஷின்களை வைத்திருந்தான். எல்லாம் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகிற சின்ன ரகம். தோட்டத்து பங்களாக்களைக் காலி செய்தபோது வாங்கியவை, ஊட்டியில் பழைய சாமான் கடையில் கிடைத்தவை, ஒரு பாதிரியார் சும்மா கொடுத்தது. படைத்துறைத் தொழிற்சாலையில் அவன் பிட்டர். இது பொழுதுபோக்கு என்றுதான் உடன் வேலை செய்கிறவர்களிடம் சொல்லுவான். முழுப் பொய்யும் இல்லை. துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சிக்கிக்கொண்ட கம்பி ஒன்று திடீரென்று எழுந்து தாளைத் தொடும்போது அவனுக்குள் ஏதோ ஒன்று இளகும். ஆனால் தமிழ் மெஷின் எது கையில் கிடைத்தாலும் அவன் முதலில் பார்ப்பது புள்ளியைத்தான். அதை மனைவி கோகிலவாணி ஒருத்திதான் அறிவாள்.

அவள் காபியோடு உள்ளே வந்தபோது அவன் பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். உறைக்குள் மடிப்பில் கிழிந்த ஒரு பழுப்புக் காகிதம். சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட் மானேஜருக்கு முப்பத்தேழு வருடத்துக்கு முன் போன மொட்டைக் கடிதம். ஆபீஸ் கிளார்க் அண்ணாதுரைக்குத் தெரிந்தேதான் தேயிலைத்தூள் மூட்டைகள் களவு போகின்றன என்று நாலு வரி. கீழே, ‘தொழிலாளர் நலன் விரும்பி.’ அண்ணாதுரை தினகரனின் அப்பா. விசாரணை என்று ஒன்று நடந்தது. காகிதத்தை அவர் கையில் கொடுத்து விளக்கம் கேட்டார்கள். அவர் கொடுத்த விளக்கத்தை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. வேலை போனது, எஸ்டேட் வீடும் போனது. தினகரன் அப்போது ஆறாம் வகுப்பு. சாமான்களை ஜீப்பில் ஏற்றிய அன்று தொழிலாளர் லயத்து வாசல்களில் நின்றவர்கள் ஒருவர்கூட முகம் பார்க்கவில்லை என்பதுதான் அவனுக்கு நினைவிருந்தது. அதன்பின் அப்பா குன்னூரில் ஒரு விடுதியில் வாட்ச்மேனாக இருந்து, அதிகம் பேசாமலே செத்துப்போனார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் இந்தக் காகிதம் கிடந்தது. அந்த வருடம்தான் தினகரன் முதல் மெஷினை வாங்கினான்.

கோகிலவாணி இரண்டு தாள்களையும் மாறிமாறிப் பார்த்தாள். “இது அந்தப் புள்ள கொண்டாந்த மெஷின் தானுங்க?” என்றாள். அவன் தலையசைத்தான்.

அந்தப் பிள்ளை சசிரேகா. முந்தின ஞாயிற்றுக்கிழமை தேவாலாவிலிருந்து மூன்று பஸ் மாறி, பச்சைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தாள். அவளுடைய அப்பா சுடலை அதே எஸ்டேட்டில் யூனியன் செயலாளராக இருந்தவர். தினகரன் வீட்டில் பலநாள் சாப்பிட்டவர். அண்ணாதுரையின் சாவுக்கும் வந்தார். உள்ளே வராமல், மழையில் குடையும் இல்லாமல், எடுக்கிற வரைக்கும் வேலி ஓரமாகவே நின்றார்.

“அப்பாவுக்குத் தொண்டையில ஆபரேசன் பண்ணி ஒரு வருசமாச்சுங்கண்ணா. சத்தமே வர்றதில்லீங்க. பேனா புடிச்சா கை நடுங்குது. போன்ல ஒரு எழுத்தத் தொட்டா நாலு விழுகுது. இதுன்னா அழுத்தி அடிக்கலாமுங்கள்ள,” என்று சொல்லியிருந்தாள். யூனியன் மனு எல்லாம் அப்பா இதில்தான் அடிப்பார், வேறு யாரையும் தொடவிடமாட்டார் என்று பெருமையாகவும் சொன்னாள். அண்ணாதுரை மாமா மகன் மெஷின் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

“கண்டுபுடிக்கோணும்னு தானுங்க இத்தன மெஷின் சேத்துனீங்க,” என்றாள் கோகிலவாணி. “கண்டுபுடிச்சாச்சு. இனி என்ன பண்ணப்போறீங்க?”

அவன் துணியை எடுத்து மெஷினை மூடினான். மூன்று நாள் அது அப்படியே கிடந்தது. தொழிற்சாலையில் லேத் முன்னால் நிற்கும்போதும் அதே நினைப்பு. இப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம், சரிசெய்ய முடியாது என்று ஒரு வார்த்தை போதும். சுடலை பேச முடியாமலே கிடக்கட்டும். அப்பா கிடக்கவில்லையா?

நாலாம் நாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு அது உறைத்தது. கத்தி கன்னத்திலேயே நின்றது. யூனியன் மனுக்கள் மானேஜருக்குப் போவதற்கு முன் கிளார்க் மேசைக்குத்தான் வரும். வாரத்துக்கு ஒன்றாவது வந்திருக்கும். அத்தனையிலும் இதே சாய்ந்த புள்ளி, இதே உடைந்த ற. மகன் பதினெட்டு வருடம் தேடியதை அப்பா அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிய கணத்திலேயே பார்த்திருப்பார். மானேஜருக்கும் தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தாலும் அதைக் கிளற அவருக்கு அவசியம் இருந்திருக்காது. அப்பா வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை இனி யாரிடம் கேட்பது?

அன்று மாலை துணியை எடுத்தான். காய்ந்து இறுகிய உருளையைத் தேய்த்து மென்மையாக்கினான். வண்டியை இழுக்கிற கயிறு இற்றிருந்தது, மாற்றினான். கடைசியாகப் புள்ளிக் கம்பி. அதை நிமிர்த்திவிட்டால் கடிதத்துக்கும் மெஷினுக்கும் உள்ள ஒற்றுமையில் பாதி போய்விடும். குறடைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, கோணலாக ஒரு வேலையைக் கையைவிட்டு அனுப்பி அவனுக்குப் பழக்கமில்லை என்பதாலோ என்னவோ, கம்பியை மெல்ல அழுத்தி நிமிர்த்தினான். உடைந்த ற-வை ஒன்றும் செய்வதற்கில்லை.

சனிக்கிழமை அவனே கொண்டுபோனான். சட்டைப் பையில் கடிதமும் இருந்தது. கூடலூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் தகர ஷட்டர்களை எல்லாரும் இறக்கிவிட்டார்கள். தேவாலாவில் சசிரேகா குடையோடு நின்றிருந்தாள்.

சுடலை கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. மனு எழுதி மேடையேறிப் பேசிய மனிதரா இவர் என்றிருந்தது. தினகரனைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மகள் ஸ்டூலை இழுத்து மெஷினை முன்னால் வைத்தாள், தாளை ஏற்றிக் கொடுத்தாள். அவர் ஆள்காட்டி விரலை நீட்டினார். விரல் நடுங்கியது. ஆனால் சாவிக்கு மேல் வந்ததும் தன் முழு எடையையும் இறக்கி அழுத்தியது. ‘வெந்நீர்’ என்று விழுந்தது.

சசிரேகா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருடமாகக் கைச்சாடையும் ஊகமுமாக இருந்த வீடு. “வெந்நீராப்பா? இருங்க, இப்ப வெச்சுக் கொண்டாறேன்,” என்று கண்ணைத் துடைத்தபடி சமையலறைக்கு ஓடினாள்.

சுடலை தாளைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. குனிந்து, அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு புள்ளிகளும் எழுத்துக்கு நேர்மேலே நின்றன. அதை விரலால் தொட்டார். பிறகு மெதுவாகத் தலையை உயர்த்தி, வந்ததிலிருந்து முதல் தடவையாக, தினகரனின் முகத்தைப் பார்த்தார். புள்ளி எங்கே சாய்ந்திருந்தது என்று தெரிந்தவன்தான் அதை நிமிர்த்தியிருக்க முடியும். தினகரனும் பார்வையை விலக்கவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. காகிதத்தின் விளிம்பைத் தொட்டது. எடுக்கவில்லை.

கிழவர் அதே வரியில் கொஞ்சம் இடம் விட்டார். எழுத்து எழுத்தாக அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் இடையில் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம். தினகரன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தான்.

‘உங்கப்பனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்’

மணி அடித்தது. வரி முடிகிறது. சுடலை வண்டியின் கைப்பிடியை எட்டினார். கை வழுக்கியது. மறுபடி எட்டினார். விரல்கள் உலோகத்தில் தடதடவென்று மோதினவே தவிரப் பிடிக்க முடியவில்லை. தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

தினகரன் எழுந்து குனிந்தான். கைப்பிடியைப் பிடித்து வண்டியை வலக்கோடி வரைக்கும் தள்ளிவிட்டான். உருளை ஒரு பல் நகர்ந்து, எதுவும் எழுதாத இடம் மேலே வந்து நின்றது. கிழவரின் விரல் சாவிகளுக்கு மேலே நடுங்கியபடி ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது.