சாகாத ஏழாம் நம்பர்

வேலையை விட்டுப் போகிறவர்களைப் போகவிட எங்கள் ராஜகுமார் சாருக்கு மனம் வராது. கடைசி நாளில் ஏதாவது ஒரு வேலை பாக்கி என்று பிடித்து வைப்பார். எனக்கு வாய்த்தது ஏழாம் நம்பர்.

"அத மட்டும் நிறுத்திக் குடுத்துட்டுப் போ, நந்தனா. லெட்டர்ல ஒப்பு போட்டுத் தாறேன்" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் எனக்குப் புது வேலை. பழைய கம்பெனி கையெழுத்துப் போட்ட ரிலீவிங் லெட்டர் இல்லாமல் வந்தால் சேர்க்க மாட்டோம் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

வடசேரியில் நேந்திரங்காய் வறுவல் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெரிய கணினியை வாடகைக்கு எடுத்து, லாட்ஜ் மாதிரி அறை அறையாகத் தடுத்து, அறைக்கு ஒரு வாடிக்கையாளரைக் குடிவைத்திருக்கிறோம். ஓர் அறையில் நடப்பது அடுத்த அறைக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் தன்னைத் தனி சர்வர் என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

ஏழாம் நம்பரில் இருந்தவர் தேங்காய்ப்பட்டணத்து மீன் வியாபாரி ஜலாலுதீன். ஏலம் முடிந்ததும் மீன் விலையைக் கடைக்காரர்களின் போனுக்கு அனுப்புவது அந்த அறையின் வேலை. அவரைப் புது சர்வருக்கு மாற்றியாகிவிட்டது. பழையதுதான் நிறுத்தினாலும் நிற்க மாட்டேன் என்கிறது. புதியது இன்றைய விலையை அனுப்பியதும், பழையது விடாமல் போன வார விலையை அனுப்பும்.

"நெய்மீனுக்கு ஒரே நாள்ல ரெண்டு வெலையா? கடக்காரம்மாரு என்னயக் கள்ளன்னு சொல்லுதாவ!" என்று ஜலாலுதீன் போனில் கத்தினார். அவர் கத்தியதில் தப்பே இல்லை.

நிறுத்தச் சொன்னேன். சரி என்று நின்றது. நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடிய வேலைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டினேன். அவையும் உயிர்த்து எழுந்தன. ஏதாவது கோப்பு மாட்டிக்கொண்டிருக்கிறதா, யாராவது உள்ளே நுழைந்து வெளியேறாமல் இருக்கிறார்களா என்று துருவினேன். யாரும் இல்லை. ஆத்திரம் தாங்காமல் பலவந்தமாக அணைத்தேன். அதற்குப் பிறகும் எழுந்தது.

அப்போதுதான் உறைத்தது. இது தானாக எழவில்லை, யாரோ எழுப்புகிறார்கள். அறைக்குள் தேடுவதை விட்டுவிட்டு, அறைகளையெல்லாம் தாங்கும் அந்தப் பெரிய கணினியில் தேடினேன். அங்கே ஒரு சின்ன புரோகிராம் பதுங்கியிருந்தது. ஏழாம் நம்பர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதும், நின்றால் எழுப்பிவிடுவதும்தான் அதன் வேலை. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் ஒரு வரி எழுதிவைத்திருந்தது: "எழும்புல மக்கா!" புரோகிராமின் தலைப்பில், எழுதியவர் பெயர் ராஜகுமார் என்று இருந்தது.

சிரிப்பு வந்தது. ஆனால் வெளியே சொல்ல முடியாது. தன் தப்பைக் காட்டுகிறவர்களை சாருக்கு ஆகாது. இப்படித்தான் என்னோடு வேலை பார்த்த சபிதா ஒரு தப்பைச் சொல்லிவிட்டு, லெட்டருக்காக அரை வருஷம் நடையாய் நடந்தாள்.

சார் பின்னால் வந்து நின்றார். சட்டென்று திரையை மாற்றினேன்.

"கண்டுபிடிச்சியா?"

"வெளிய ஒரு புரோகிராம் அத எழுப்பிவிட்டுட்டே இருக்கு சார்."

"எவம்ல அத எழுதுனது? மூளை கெட்டவன்! எழுப்பத் தெரிஞ்சவனுக்கு, நிறுத்த ஒரு வழி வெக்கத் தெரியாண்டாமா?"

"பிபின் அண்ணன் சார்" என்றேன்.

எந்தத் தப்பையும் வேலையை விட்டுப் போனவர் தலையில் கட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். பிபின் அண்ணன் ஷார்ஜாவுக்குப் போனதிலிருந்து அவர் எழுதாததற்கும் அவரே பொறுப்பு. ஆனால் சார் உடனே போனை எடுத்து ஸ்பீக்கரில் போடுவார் என்று நான் நினைக்கவில்லை. அண்ணன் மறுத்தால் நான் தொலைந்தேன்.

"ஏலே பிபின், ஏழாம் நம்பர்ல என்னல செஞ்சு வெச்சிருக்க?"

இப்படிப்பட்ட போன்கள் பழகிப்போனதாலோ என்னவோ, என்ன ஏது என்று பிபின் அண்ணன் கேட்கவே இல்லை. "நாந்தான் சார். அப்ப வெவரம் பத்தாது, மன்னிச்சிருங்க" என்றார். எனக்கு வெட்கத்தில் தலை குனிந்தது. அவர் நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்துக்கொண்டேன்.

அந்தப் புரோகிராமை நிறுத்தினேன். ஏழாம் நம்பரை அணைத்தேன். காத்திருந்தேன். எழவில்லை.

சாரின் முகம் மலர்ந்தது. லெட்டரை எடுத்துப் பேனாவைத் திறந்தவர், ஒரு கணம் யோசித்துவிட்டு மூடினார்.

"இவ்வளவு கெட்டிக்காரிய விட்டுட்டு நான் என்ன செய்ய? ஒரு மூணு மாசம் இருந்துட்டுப் போ மக்கா. அந்தப் பிபின் இன்னும் எங்கெங்க என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கானோ, கேட்டியா?"

லெட்டர் மேசை டிராயருக்குள் போனது. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அவருக்காக ஒரு நல்ல மனுஷன் மேல் பழி போட்டதற்கு இதுதான் கூலியா? போனால் போகட்டும் என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"சார், அந்தப் புரோகிராம ஒருக்கா பாத்துக்கிடுங்க."

குனிந்து வாசித்தார். "எழும்புல மக்கா" வரை உதடு அசைந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் கவிழும் ஷிபுவை தினமும் அவர் எழுப்புவது அப்படித்தான். பெயரை வாசித்தபோது உதடு அசையவில்லை. காது மட்டும் சிவந்தது.

"இத வேற யாரு பாத்தா?"

"நான் மட்டுந்தான் சார். மூணு மாசம் இங்க இருந்தேன்னா, என் வாயி சும்மா இருக்காது, கேட்டியளா."

டிராயர் திறந்தது. அந்த ஆபீசில் அவ்வளவு வேகமாக யாருக்கும் கையெழுத்து கிடைத்ததில்லை. முத்திரையையும் அவரே குத்தினார்.

படியிறங்கும்போது பிரித்துப் பார்த்தேன். என் பெயர் சரி, முத்திரை சரி. விடுவித்த தேதியை மட்டும் பேனாவால் திருத்தி, முந்தின நாளாக்கியிருந்தார். கம்பெனி கணக்கில், இன்று அந்தப் பெயரை வாசித்தவள் அங்கே வேலையிலேயே இல்லை.

இன்றைய சம்பளம் போச்சு. திரும்ப ஏறிப் போய்க் கேட்க எனக்கென்ன பைத்தியமா?