தாழை வேலியும் அக்கரைக் கபுறும்

தலைமன்னாருக்கு ரயில் வந்ததற்கு அடுத்த மாரி அது. மன்னார்க் கடைத்தெருவுக்குப் புதிதாகக் கல்லுப் போட்டு இறுக்கியிருந்தார்கள். முன்பு மணலுக்குள் இறங்கிவிடும் மழைத்தண்ணீர் இப்போது இறங்க வழியில்லாமல், ஊருக்குப் பின்னால் இருந்த ஓடைக்கு ஒரேயடியாக ஓடி வந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் ஸுஹறாவின் வளவு. அந்தப் பக்கம் மையவாடி. அங்கே கரையோரமாகத்தான், காய்ச்சலில் மௌத்தான அவள் புருஷன் சரிபுதீனை அடக்கியிருந்தார்கள்.

ஸுஹறா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் அந்தக் காலம் முடியுமட்டும் வீட்டை விட்டுப் போகக்கூடாது. பிற ஆண்களின் கண்ணில் படவும் கூடாது. அவள் வீட்டுக் கோடியில் கரை நெடுகத் தாழை ஆளுயரத்துக்கு அடர்ந்து நின்றதால் வேறு வேலி தேவைப்படவில்லை. மடல்களின் இடுக்கால் அக்கரையில் அவன் கபுறின் தலைமாட்டில் நட்ட மீசான் பலகை தெரியும். அதைப் பார்த்தபடியே பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை மழை சற்று விட்டபோது, அக்கரை மண் பாளமாகச் சரிந்து கலங்கல் தண்ணீரில் கரைந்து போவதைக் கண்டாள். பலகைக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் இடந்தான் மிச்சம்.

தம்பி றஊப் நனைந்த சாரத்தோடு வந்து தாழ்வாரத்தில் குந்தினான்.

“அக்கரையில பனங்குத்தி இறக்கிப் பார்த்தாச்சு ராத்தா. தண்ணி பின்னால பூந்து அரிக்குது.”

“ரெண்டு கரையும் ஒரே மண்தானே. இந்தப் பக்கம் ஏன் இடியேல்ல?”

“இங்க தாழை வேர் பிடிச்சு வச்சிருக்கு.”

“அங்கயும் தாழை நிண்டதுதானே?”

றஊப் தலையைச் சொறிந்தான். “பெருநாளைக்கு ஜியாரத்தெண்டு கபுறுகளைப் பார்க்க வாற ஆக்களுக்கு மையவாடி துப்புரவா இருக்கோணுமெண்டு வேரோட கிண்டினம். நானும் மண்வெட்டி பிடிச்சனான்.”

“நல்லாத் துப்புரவாக்கினீங்க எல்லாரும்! இப்ப ஓடை வந்து மிச்சத்தைக் கூட்டுது.”

அவள் எழுந்து கோடிப் பக்கம் போய்த் தாழையின் அடியைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னாள்: “என்ர தாழையை வேரோட, மண்ணோட பேர்த்துக் கொண்டுபோய் அங்க அடுக்கு. தண்ணி இந்தப் பக்கத்தை இடிச்சு அகலட்டும்.”

“விசரா ராத்தா? வளவு போயிரும். வேலி இல்லாட்டி ஊர் ஆம்பிளையள் எல்லாம் உங்களைப் பார்ப்பாங்க.”

“நான் வெளியில நிண்டாத்தானே பார்க்க? உன்ர மச்சான் கபுறோட கடலுக்குப் போனா எந்த முகத்தோட ஜியாரத்துக்குப் போவாய்? போடா, ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா.”

ஆட்கள் வருமுன் அவள் அறைக்குள் போய் ஜன்னலில் பாயைத் தொங்கவிட்டாள். இனி எதையும் பார்க்க முடியாது. கோடாலிகள் விழுந்தன. “முள்ளுக் கிழிக்குதடா!” என்று ஒருவன் கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு வீட்டுக் கோடியில் மண் தொப்பென்று விழுந்தது. கோழிகள் கூச்சலிட்டன. முருங்கை முறிந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுக்கு நெஞ்சு இலேசானது. இடிவது இந்தப் பக்கம் அல்லவா?

பிறகு ஒரு பெரிய சரிவின் சத்தம். எந்தப் பக்கம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆட்களின் பேச்சும் நின்றுவிட்டது. யாசீன் ஓதத் தொடங்கினாள், நடுவில் மறந்தது, திரும்ப முதலிலிருந்து ஓதினாள்.

றஊப் கதவைத் தட்டினான்.

“நிண்டிட்டுது ராத்தா! இடம் அகலிச்சவுடனே தண்ணியின்ர வேகம் போச்சு. வாற மணலெல்லாம் தாழைக்குள்ள சிக்கிப் படியுது. மச்சானுக்கு முன்னால புதுத் திட்டு.”

“மீசான்?”

“அசையேல்ல. ஆனா உங்கட பாதி வளவைக் காணேல்ல.” அவன் தொண்டையைச் செருமினான். “வாப்பா குடுத்த சீதன வளவு. மச்சான் ஒரு நாளும் தன்ர பேருக்கு எழுதித்தாங்கோ எண்டு கேட்கேல்ல. இப்ப மண்ணாவே வாங்கிப்போட்டார்.”

ஸுஹறாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பிலேயே கண்ணீரும் வந்து, அதுவும் ஓய்ந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அந்த ஆக்களைப் போகவிடாதே,” என்றாள் கதவுக்கு உள்ளிருந்து. “தேத்தண்ணி வைக்கிறன். நீ கொண்டுபோய்க் குடு.”