சந்தனம் வைத்த காட்டேரி

...இதற்குத்தானா, இதற்குத்தானா வகுப்பே மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தது, ஹம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரஸ்வதி பூஜைக்கு அம்மா அடுக்கிய பாடப் புத்தகங்களோடு இந்த இங்கிலீஷ் காதல் நாவலும் போய் உட்கார்ந்துவிட்டது, பழுப்பு அட்டை போட்டு மேலே தாவரவியல் என்று எழுதி ஒளித்த வினை, அம்மா பாவம் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமந்திப் பூ சாத்திவிட்டாள், பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது, கடைசி அத்தியாயமோ பாக்கி, அந்த ரத்தக் காட்டேரிப் பையன் என்ன செய்வானோ என்று நேற்று சுண்டல்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. இன்று விஜயதசமி, புனர்பூஜை ஆயிற்று, "எடுத்து நாலு வரி படிடி, வித்தை வரும்" என்றாள் அம்மா, இவளும் பாய்ந்து எடுத்துப் படித்தாள்... சே, சுண்டலையாவது ஒழுங்காகத் தின்றிருக்கலாம்.

என்னதான் செய்தான் அவன்? ஒரு மண்ணும் இல்லை. வெளுத்த முகம், அழகன், அந்தப் பெண் எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறான், தூங்கினால் ஜன்னலில் நின்று பார்க்கிறான், யாரோடு பேசலாம் என்பதையும் அவனே சொல்கிறான், அவளும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைசியில் படிப்பை, வீட்டை எல்லாம் உதறிக் கழுத்தை நீட்டுகிறாள், அவ்வளவுதான் கதை. ஏன்டி, உனக்கென்று ஒரு யோசனையும் கிடையாதா, ஜன்னலைச் சாத்தத் தெரியாதா? நாளைக்குக் கல்லூரியில் கேட்பார்களே... வைதேகிதான் முதலில் கேட்பாள், பாண்டி பஜார் வாடகைப் புத்தகக் கடையில் எடுத்து, காத்திருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு உயிர்த்தோழி என்று இவளிடம் கொடுத்தவள். பிடிக்கவில்லை என்று சொன்னால் பேச்சு நின்றுவிடும், லேசாகக் குறை சொன்ன ஒருத்தி இன்றைக்கும் தனியாகத்தான் டிபன் பாக்ஸைத் திறக்கிறாள். அதுவும் வைதேகிக்கு இப்போது தலைகால் புரியவில்லை, தி. நகரில் அவள் வீட்டு முனையில் ஒருத்தன் பைக்கில் நிற்கிறானாம், டைப்ரைட்டிங் கிளாஸ் வரை பின்னாலேயே வருகிறானாம், அப்படியே கதையில் வருகிறவன் மாதிரியாம். நானும் அழுதேன் என்று சொல்லிவிட்டால் என்ன? மாட்டேன், அழுகை வராததற்கு வெங்காயமா உரிக்க முடியும்?

போன் அடித்தது, வைதேகியேதான்.

"முடிச்சுட்டியா? எவ்ளோ அழுதே, சொல்லு."

"அழவே இல்லை. சுத்த அபத்தம்டி." அப்பாடா, சொல்லியாயிற்று.

"கல்லுடி நீ. உன் பின்னாடி ஒருத்தனும் வந்ததில்லை, அதான் உனக்குப் புரியலை."

சுருக்கென்றது. வந்ததில்லையா? போன வருஷம் அடையாறு டெப்போவில் பஸ் ஏறி, லஸ்ஸில் இவளோடேயே இறங்கி, மாட வீதி வரை வந்தானே ஒருத்தன், கபாலி கோயிலுக்குள் ஓடி அம்பாள் சன்னதியில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டாளே, வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று வாயைத் திறக்காமலே இருந்தாளே...

"வந்திருக்கான்டி. கோயிலுக்குள்ள ஓடி ஒளிஞ்சுண்டேன். அதுக்குப் பேர் காதல்னு யார் எழுதினாலும் நான் ஒத்துக்க மாட்டேன். பேசாட்டாப் போ."

இப்போது போனை வைத்துவிடுவாள், வைக்கட்டுமே, தனியாகத்தான் சாப்பிடுகிறேன், எனக்கென்ன... ஆனால் அவள் வைக்கவில்லை. கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது, பிறகு குரல் பாதியாகிவிட்டது.

"ஹம்சா... இப்பவும் கீழதான் நிக்கறான்டி. நான் ஜன்னல் பக்கமே போறதில்லை. எனக்கு பயமா இருக்கு."

"ஆத்துல சொன்னியோ?"

"நீ சொன்னியா?"

ஹம்சா அந்த நாவலைத் தூர வைத்தாள். காலையிலிருந்து அந்தக் கதைப் பெண்ணை வாய்க்கு வந்தபடி வைதாளே, காகிதத்தில் இருக்கிறவளை வைவது எத்தனை சுலபம்... "இரு, நான் வரேன்" என்றாள், போய் என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாமலே.